காமிராவைத் தூக்கப் போகிறவர் யார்?

தீபாவளி கழிந்து கம்பளிச் சட்டைகள் பெட்டியை விட்டு வெளியே வரும் இந்தப் பருவம், டில்லியில் வாழும் நம்மவர் வீடுகளுக்கு விருந்தினர் வரும் பருவமும் ஆகும். மே மாத வெயிலுக்கும் ஜனவரி மாதக் குளிருக்கும் அஞ்சுகிற நம் ஊர்ப் பெரியவர்கள், நவம்பரிலோ பிப்ரவரியிலோதான் பயணச் சீட்டு எடுக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நாம் குதுப் மினாருக்கும், ஹுமாயூன் கல்லறைக்கும், லோதி தோட்டத்துக்கும், மிருகக்காட்சி சாலைக்கும் போகிறோம். அப்போதுதான் வீட்டில் பேச்சு எழுகிறது: "நல்ல காமிரா ஒன்று வாங்கிவிடலாமா?"

பேச்சு எழுந்த மறு நிமிஷமே குடும்பம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவதும் நாம் அறிந்ததே. சட்டைப் பையில் அடங்கும் சிறிய காமிரா போதும் என்பது ஒரு கட்சி. வாங்குவதே வாங்குகிறோம், லென்ஸை மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய பெரிய காமிராவாக வாங்கிவிடுவோம் என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சி சிக்கனத்தையும் சௌகரியத்தையும் எடுத்துக் கூறும். இரண்டாவது கட்சி படத்தின் தரத்தை எடுத்துக் கூறும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு கட்சியும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. அதையே இந்த மாதம் நம் தலைப்பாக வைத்திருக்கிறோம்.

இந்த வழக்கு புதியதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிடங்களுக்குச் சென்று படம் எடுக்க விரும்பியவர், கண்ணாடித் தகடுகளையும் மரப்பெட்டி போன்ற காமிராவையும் கனமான முக்காலியையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஆஸ்கார் பர்னாக் என்ற பொறியியல் வல்லுநருக்கு மூச்சிரைப்பு நோய் இருந்தது. அந்தச் சுமையோடு அவரால் மலையும் காடும் சுற்ற இயலவில்லை. ஆதலால் சினிமாப் பிலிமைப் பயன்படுத்தும் சிறிய காமிரா ஒன்றை அவர் வடிவமைத்தார். 1913, 1914-ஆம் ஆண்டுகளில் உருவான அந்த மாதிரிதான், 1925-ல் 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சினிமாப் பிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு படமாக அவர் அமைத்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று பொம்மை போன்ற குட்டிக் காமிராவின் அளவாகக் கருதப்பட்ட அதே 36-க்கு 24 மி.மீ. அளவைத்தான் இன்று 'முழு அளவு' என்று கடைக்காரர்கள் மரியாதையோடு எடுத்துக் காட்டுகிறார்கள். அன்றைய சிறியது இன்றைய பெரியதாகிவிட்டது. எனவே சிறிது, பெரிது என்ற சொற்களை நாம் சற்று நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும்.

நம் தலைநகரமே இரண்டு வகைக் காமிராவுக்கும் சாட்சியாக நின்ற ஊர். 1942-ல் டில்லிக்கு வந்து பணியாற்றிய ஹோமாய் வியாரவாலா அம்மையார், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று புகழ் பெற்றவர். 'ஸ்பீட் கிராபிக்' என்னும் பெரிய பத்திரிகைக் காமிராவைச் சுமந்துகொண்டு, புடைவை உடுத்திச் சைக்கிளில் டில்லித் தெருக்களைச் சுற்றி வந்தவர் அவர். பிற்காலத்தில் 'ரோலிபிளெக்ஸ்' காமிராவையும் கையாண்டார். நாடு விடுதலை பெற்ற நாட்களின் காட்சிகள் பலவற்றை இன்று நாம் காண்பது அவருடைய படங்களின் வாயிலாகத்தான். 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. அந்தப் பெரிய காமிராவில் ஒரு படம் எடுத்தபின் அடுத்த பிலிமை ஆயத்தம் செய்யச் சற்று நேரம் பிடிக்கும். ஆதலால் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் பிரான்சிலிருந்து ஹென்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸான் டில்லிக்கு வந்திருந்தார். அவர் கையில் இருந்தது சிறிய லைக்கா. 1948 ஜனவரி 30-ஆம் தேதி பிற்பகலில் அவர் மகாத்மாவைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார். சிறிது நேரத்துக்கெல்லாம் துயரச் செய்தி பரவியது. இரவில், பிர்லா மாளிகையின் வாயிலில் நேருஜி மக்களிடம் அச்செய்தியை அறிவித்த காட்சியை, அங்கிருந்த மங்கிய வெளிச்சத்தைக் கொண்டே அவர் படம் பிடித்தார். அந்தப் படத்தில் தெளிவு குறைவு. விளக்கின் ஒளி சிதறிக் கிடக்கிறது. எனினும் அதைவிடத் தெளிவான படம் ஒன்று வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு காமிரா இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

பெரிய காமிராவின் பக்கத்துக்குச் சான்றாக நம் தமிழர் ஒருவரையே நிறுத்தலாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதில் நாடறிந்தவர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்த கனமான காமிரா ஒன்றை அவர் வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். யானைமேல் ஏறிக் காட்டுக்குள் சென்று கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் படம் பிடித்த அவருக்கு, சட்டைப் பைக் காமிரா பயன்பட்டிருக்காது. அருகில் நெருங்க முடியாத விலங்கை அருகில் கொண்டு வர நீண்ட லென்ஸ்தான் வேண்டும். அவர் தம் சுமையைத் தாமே தேர்ந்துகொண்டார். அந்தச் சுமைக்கு ஒரு காரணமும் இருந்தது.

இவ்விரு வகைக் காமிராக்களும் உள்ளே எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இனிப் பார்ப்போம். இக்காலக் காமிராவில் பிலிமுக்குப் பதிலாக ஒளியுணரி என்ற சிறு தகடு இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி அதன்மேல் விழுந்து படமாகிறது. தகடு பெரிதாக இருந்தால் அது ஏந்தும் ஒளியும் மிகுதி. மழை நீரைப் பிடிக்க முற்றத்தில் செம்பையும் வைக்கலாம், அண்டாவையும் வைக்கலாம். பெய்யும் மழை ஒன்றுதான்; வாயகன்ற பாத்திரத்தில் சேரும் நீர் அதிகம்.

மலிவான சிறிய காமிராக்களில் உள்ள தகடு சுமார் 6 மி.மீ. அகலமும் 4.5 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பு 28 சதுர மி.மீ. விலை உயர்ந்த சிறிய காமிராக்களில் 13.2-க்கு 8.8 மி.மீ. தகடு இருக்கிறது, பரப்பு 116 சதுர மி.மீ. லென்ஸ் மாற்றும் காமிராக்களில் பெரும்பாலோர் வாங்குவதில் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. தகடு, பரப்பு 367 சதுர மி.மீ. முழு அளவுத் தகட்டின் பரப்போ 864 சதுர மி.மீ. ஆகும். முதலாவதற்கும் கடைசிக்கும் 30 மடங்கு வேறுபாடு. மாலை மயங்கிய பின்னும், கல்யாண மண்டபத்திலும், பனி மூடிய காலையிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சிறிய தகட்டின் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். பெரிய தகட்டின் படம் மழமழப்பாக இருக்கும்.

ஆனால் நல்ல பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது. நவம்பர் மாதத்து முற்பகலில் லோதி தோட்டத்தில் எடுத்த இரண்டு படங்களை, ஒரு சாதாரண ஆல்பத்தின் அளவுக்கு அச்சிட்டு அருகருகே வைத்தால், எது எந்தக் காமிராவில் எடுத்தது என்று கூறுவது எளிதன்று. அன்றியும், வெளியிடத்தில் குடும்பப் படம் எடுப்பவருக்குச் சிறிய தகடு ஓர் உதவியும் செய்கிறது. அதில் முன்னால் நிற்கும் பாட்டியும் பின்னால் தெரியும் கோபுரமும் ஒருங்கே தெளிவாக விழுகின்றன. பெரிய தகட்டில், லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால் பாட்டி மட்டுமே தெளிவாக இருப்பார். ஹுமாயூன் கல்லறை பஞ்சுப் பொதிபோல் மங்கிவிடும். ஒருவரின் முகத்தை மட்டும் எடுக்கும்போது அந்த மங்கல் அழகுதான். பாட்டி டில்லிக்கு வந்து போனதற்கு அடையாளம் வேண்டும்போது அது அழகாகாது.

அடுத்ததாகத் தூரம். பெரிய காமிராவின் கட்சி உண்மையில் வலுப்பெறும் இடம் இதுதான். டில்லி மிருகக்காட்சி சாலையின் குளங்களில் 1960 முதல் ஆண்டுதோறும் சங்குவளை நாரைகள் தாமாகவே வந்து கூடு கட்டுகின்றன. நம் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் காணும் அதே பறவைதான். அவை கூண்டில் அடைத்த பறவைகள் அல்ல. மழைக்காலத்தின் இறுதியில் வந்து, குஞ்சு பொரித்து, வளர்த்து, பறந்துவிடும் காட்டுப் பறவைகள். கரையிலிருந்து 50 மீட்டர் தூரத்தில் மரத்தின்மேல் ஒரு நாரை நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உயரம் சுமார் 1 மீட்டர். சாதாரணக் கைப்பேசியின் முதன்மை லென்ஸில் எடுத்தால், படத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் நாரை இருக்கும். அது நாரையா, நாணலா என்று விவாதிக்கலாம். நல்ல ஜூம் லென்ஸ் உள்ள சிறிய காமிராவில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வரும். பறவை எது என்று தெரியும். லென்ஸ் மாற்றும் காமிராவில் 300 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸைப் பொருத்தினால் ஐந்தில் இரண்டு பங்கை நாரை நிரப்பும். அலகின் மஞ்சளையும் இறகின் இளஞ்சிவப்பையும் காணலாம்.

ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கும், குருகிராம் மாவட்டத்துச் சுல்தான்பூருக்கும், பரத்பூருக்கும் அடிக்கடி செல்பவர்கள் ஆகவே நீண்ட லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. ஆனால் யமுனைப் படித்துறையில் குளிர்காலத்தில் கூடும் கடற்காகங்கள், படகுக்காரர்கள் இறைக்கும் தீனிக்காக நம் தலைக்கு மேலேயே வட்டமிடுகின்றன. அவற்றுக்குச் சிறிய காமிராவே போதும். தூரத்தைப் பார்த்து லென்ஸைத் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, பறவை என்ற பெயரைக் கேட்டவுடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இனி எடை. சட்டைப் பையில் அடங்கும் 'ஸோனி ஆர்.எக்ஸ். 100' வரிசையின் ஏழாவது காமிரா 302 கிராம். லென்ஸ் மாற்றும் 'கானன் ஆர் 50' காமிரா மட்டும் 375 கிராம்; அதற்குரிய சிறிய லென்ஸ் 130 கிராம்; 400 மி.மீ. வரை நீளும் லென்ஸ் ஒன்று 635 கிராம். ஆக 1,140 கிராம். உள்ளிருந்த கண்ணாடியை நீக்கிவிட்ட புதுவகைக் காமிராக்கள் 2008 முதல் வரத் தொடங்கிய பின், பழைய கனம் இவ்வாறு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பறவைப் பிரியர்கள் விரும்பும் 'நிக்கான்' 200–500 மி.மீ. லென்ஸ் ஒன்றே 2,300 கிராம். இதற்கு மேல் முக்காலி, பை, மின்கலங்கள்.

லென்ஸ் மாற்ற இயலாத காமிராக்களெல்லாம் இலேசானவை என்று எண்ணுவதும் பிழை. 125 மடங்கு ஜூம் உடைய 'நிக்கான் பி 1000' காமிராவின் எடை 1,415 கிராம். மேலே கூறிய கானன் கூட்டத்தை விட அதிகம். ஆனால் அதனுள் இருப்பதோ மிகச் சிறிய தகடுதான். நிலவின் பள்ளங்களை அது காட்டும். மாலை வெளிச்சத்தில் பேரனின் முகத்தைக் காட்டத் தடுமாறும். ஆகையால் வகையின் பெயரைக் கேட்டு வாங்காமல், எடையையும் தகட்டின் அளவையும் தனித்தனியே கேட்டு வாங்குவது நலம்.

கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான் கேட்டது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், லென்ஸ் மாற்ற இயலாத காமிராக்கள் 2010-ல் 10 கோடிக்கு மேல் ஆலைகளிலிருந்து வெளிச் சென்றன. 2023-ல் 20 லட்சம்கூட இல்லை. மலிவான சிறிய காமிராவின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள். எனவே கைப்பேசி செய்யும் வேலையையே செய்யும் மலிவான சிறிய காமிராவை இன்று புதிதாக வாங்குவது வீண் செலவு என்பது நம் கருத்து. பெரிய தகடும், உண்மையான ஜூம் லென்ஸும், கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் இருந்தால்தான் சிறிய காமிராவுக்குக் கொடுக்கும் பணம் பயன் தரும். கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் அருமையை, மே மாத வெயிலில் கைப்பேசியின் திரையில் தம் முகத்தையே கண்டு சலித்தவர்கள் அறிவார்கள்.

டில்லியின் தட்பவெப்பத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் புழுதிக் காற்று வீசும்போது வெளியிடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றினால், உள்ளிருக்கும் தகட்டில் தூசி படிந்துவிடும். பிறகு எடுக்கும் படங்களிலெல்லாம் வானத்தில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். நிலையான லென்ஸ் உள்ள காமிராவில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் முன்னும் பின்னும் நீளும் அதன் குழாய் வழியே புழுதி நுழையக்கூடும் என்பதால் அதையும் உறையில் இட்டு வைக்க வேண்டும். ஜனவரி மூடுபனியிலோ, எந்த நீண்ட லென்ஸாலும் பயனில்லை. காமிராவுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கும் பனியையும் புகையையும் சேர்த்தே அது பெரிதாக்கிக் காட்டும். அந்நாட்களில் அருகில் இருப்பதை எடுப்பதே அறிவு. விடுமுறையில் சென்னைக்கும் நாகைக்கும் கொண்டு செல்பவர்கள், கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படராமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பையில் இட்டு வைக்க வேண்டும். விமானத்தில் செல்வோர் உபரி மின்கலங்களைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

செல்லுமிடத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு. அக்ஷர்தாம் கோயிலுக்குள் காமிராவும் கைப்பேசியும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை; முன்னதாகவே பெட்டகத்தில் ஒப்படைக்க வேண்டும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் முக்காலி நிறுத்தித் தொழில்முறையில் படம் எடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். கனமான பையோடு வரிசையில் நிற்பவருக்குச் சோதனையிலும் நேரம் கூடும். குழந்தையும் முதியவரும் உடன் இருக்கையில் இதுவும் ஒரு கணக்கே.

இப்போது நம் தலைப்புக் கேள்விக்கு வருவோம். பெரிய காமிரா வாங்கிய வீடுகளில் அநேகமாக ஒருவர்தான் அதைக் கையாளக் கற்கிறார். பெரும்பாலும் அவர் குடும்பத் தலைவர். லென்ஸைப் பொருத்துவதும் கழற்றுவதும் அவரே. "தொடாதே, விலை அதிகம்" என்று குழந்தைகளை எச்சரிப்பதும் அவரே. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, அவருக்கு அலுவலகம் உள்ள நாட்களில் காமிரா பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோரை மனைவியோ மகளோ அழைத்துச் செல்லும் வாரநாளில், வீட்டிலுள்ள சிறந்த காமிரா பூட்டிய கதவுக்குள் உறங்குகிறது. இரண்டாவது விளைவு இன்னும் வருந்தத்தக்கது. பத்து ஆண்டுகள் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது, எல்லோரும் இருப்பார்கள். படம் எடுத்தவர் மட்டும் இருக்க மாட்டார். தந்தை தம் தாயின் அருகில் நிற்கும் ஒரு படம்கூட அந்த வீட்டில் கிடைக்காமல் போகும்.

நமக்கு முந்திய தலைமுறையினர் கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் குடியிருந்த காலத்தில், 'ஆக்பா க்ளிக்-3' போன்ற எளிய பெட்டிக் காமிராக்கள் புழங்கின. ஒரு பிலிம் சுருளுக்கு 12 படங்கள்தாம். ஆனால் அந்தக் காமிராவை வீட்டில் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்து அழுத்தலாம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிச் சகோதரரிடம் கொடுத்து, குடும்பத்தினர் அனைவரும் வரிசையாக நின்றுகொள்ளலாம். அந்தப் பழைய படங்களில் கூர்மை குறைவு, ஆட்கள் குறைவதில்லை. வெளியூரில் வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமன்று. சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு வீடும் வாசலும் மரமும் குளமுமே நினைவுச் சின்னங்கள். வாடகை வீடு மாறியும், பணி மாற்றலாகியும் வாழும் நமக்கு, இந்த ஊரில் நாம் யாரோடு, எப்படி வாழ்ந்தோம் என்பதற்குப் படங்களைத் தவிர வேறு சாட்சி மிகக் குறைவு.

எனவே நாம் கூறும் யோசனை இது. வாங்குமுன், கடந்த ஓர் ஆண்டில் நம் குடும்பம் சென்று வந்த வெளியிடங்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, படம் எடுக்க விரும்பிய பொருள் எது, அது எவ்வளவு தூரத்தில் இருந்தது, யார் காமிராவைத் தூக்கிச் சென்றிருக்க முடியும் என்று குறிக்க வேண்டும். பெரும்பாலும் மனிதர்களும் கட்டடங்களும் என்று வந்தால், நல்ல தகடுள்ள சிறிய காமிரா போதும். கைப்பேசியே திருப்தி தருமானால் அந்தப் பணத்தை ஊருக்குப் போகும் ரயில் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பறவையும் விலங்கும் விளையாட்டுப் போட்டியும் என்று வந்தால், அல்லது வளரும் பிள்ளை ஒருவன் இக்கலையை முறையாகக் கற்க ஆர்வம் காட்டினால், லென்ஸ் மாற்றும் காமிரா வாங்கத் தகும். அப்போதும் முதலில் ஒரு காமிராவும் ஒரு லென்ஸும் வாங்கி, ஆறு மாதம் பழகியபின் இரண்டாவது லென்ஸைப் பற்றி யோசிப்பதே முறை. எந்தக் காமிராவானாலும், அதை இயக்கக் குறைந்தது இரண்டு பேர் வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் வீட்டுத் தலைவியாக இருப்பது உத்தமம்.

வாங்குவதற்குச் சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்னும் சந்து புகழ் பெற்றது. புதியதும் பழையதும் அங்கே கிடைக்கும். முடிந்தால் காமிராவைத் தூக்கப் போகிறவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். கடையில் கையில் வாங்கி, கழுத்தில் மாட்டி, பத்து நிமிஷமாவது நின்று பார்க்க வேண்டும். கடையில் பத்து நிமிஷம் கனக்காதது குதுப் மினாரின் நிழலில் இரண்டு மணி நேரம் கழித்துக் கனக்கும். பத்து நிமிஷத்திலேயே கனப்பது பீரோவுக்குத்தான் போகும். பழைய காமிராவானால், லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சையோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இல்லாத மலிவை நாடுவது, பின்னால் பழுது வரும்போது வருந்துவதற்கே.

இறுதியாக ஒன்று. எடுத்த படங்களில் ஆண்டுக்கு இருபதையாவது தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் இடத்தையும் தேதியையும் நிற்பவர்களின் பெயர்களையும் தமிழில் எழுதி, ஒரு பிரதியை ஊருக்கு அனுப்ப வேண்டும். கைப்பேசியிலும் கணினியிலும் ஆயிரக்கணக்கில் கிடப்பவற்றைப் பாட்டி தேடிப் பார்க்கப் போவதில்லை. கையில் கிடைத்த ஒன்றை அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அது எந்தக் காமிராவில் எடுத்தது என்று அவர் கேட்கவும் மாட்டார், "நீ ஏனடா இதில் இல்லை?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வி எழாத வண்ணம் எந்தக் காமிரா உதவுமோ, அதுவே நம் வீட்டுக்கு ஏற்ற காமிரா. இந்தக் குளிர்காலத்தில் வரும் விருந்தினரோடு நேயர்கள் எல்லோரும் படத்தில் இடம் பெற வேண்டும் என்பது நம் விருப்பம்.